தடைக்கால ஆலோசனை: விசைப்படகின் டைனமோவும் பேட்டரியும்

கிழக்குக் கடற்கரையில் திருவள்ளூர் தொடங்கிக் கன்னியாகுமரி வரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்று விதிக்கப்பட்ட 61 நாட்கள் ஏப்ரல் 15-இல் ஆரம்பித்து ஜூன் 14-இல் முடிகின்றன; கன்னியாகுமரிக்கு மேற்கே உள்ளவர்களுக்கோ ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்தக் காலத்தில் படகைக் கரையேற்றிப் பாசி சுரண்டுவதும், பலகை மாற்றுவதும், வர்ணம் பூசுவதும், இஞ்சினைப் பிரித்துக் கோப்பதும் கிரமமாக நடைபெறுகின்றன. பேட்டரியின் நினைவு மட்டும் அநேகமாகக் கடைசி வாரத்தில்தான் வருகிறது. ஆகையால்தான், இரண்டு மாதம் காத்திருந்து ஐஸும் டீசலும் ஏற்றிப் புறப்படும் அந்த விடியற்காலையில், ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்ற குரலைத் துறைக்குத் துறை கேட்கிறோம்.

முதற்காரியமாகப் பேட்டரிகளைப் படகிலிருந்து கழற்றி நிழலான இடத்திற்குக் கொண்டு வாருங்கள். சும்மா இருக்கும் பேட்டரி தானாகவே இறங்கும். உஷ்ணம் ஏற ஏற அது இன்னும் சீக்கிரம் இறங்கும். கத்திரி வெயிலில் மூடிய இஞ்சின் அறைக்குள் கிடந்தால் கேட்கவே வேண்டாம். இறங்கிய நிலையிலேயே விட்டுவைத்தால் ஈயத் தகடுகளின்மீது ஸல்பேட் கடினமாகப் படிந்து, பிறகு எத்தனை சார்ஜ் கொடுத்தாலும் பழைய சக்தி திரும்புவதில்லை. சில மணி நேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டினால் நிறைவாக இருக்கிறது என்று பொருள், 12.4-க்குக் கீழே போனால் அன்றே சார்ஜில் போடுங்கள். டிஸ்டில்ட் வாட்டரை மட்டும், அதுவும் சார்ஜ் ஏறி முடிந்த பிறகு, அளவுக்கோடு வரை ஊற்றவேண்டும். தகடு வெளியே தெரிந்தால் மாத்திரம் அது மூழ்குமளவு முன்னதாகவே ஊற்றலாம்.

இனி, ‘பெரிய டைனமோ போட்டுவிட்டால் தீர்ந்தது’ என்ற பொதுவான அபிப்பிராயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். (நாம் டைனமோ என்று வழங்குவது வாஸ்தவத்தில் ஆல்டர்னேட்டர், மாறுமின்னோட்டத்தைப் பிறப்பித்து, டயோடுகளின் வழியாக அதை நேர்மின்னோட்டமாக மாற்றித் தரும் யந்திரம். பெயர் மட்டும் பழைய யந்திரத்தினுடையது.) சென்ற ஆண்டு நாகப்பட்டினத்தில் ஒரு படகைப் பார்த்தேன். 55 ஆம்பியர் யந்திரத்தைக் கழற்றி 120 ஆம்பியர் யந்திரம் பூட்டியிருந்தார்கள். வயரும் புல்லியும் பழையவை. பெல்ட்டைச் சுற்றிலும் கறுப்புப் பொடி மாவு சலித்தாற்போல் உதிர்ந்து கிடந்தது. மல்டிமீட்டரை ஆல்டர்னேட்டரின் முனையில் வைத்தபோது 14.3 வோல்ட், அதையே பேட்டரியின் முனையில் வைத்தபோது 13.5. ‘புதுசு போட்டும் சார்ஜ் ஏறமாட்டேங்குது சார்’ என்றார் டிரைவர். டெர்மினலைக் கழற்றிப் பார்த்தால், செம்பு இழைகள் பச்சைக் களிம்பு பிடித்து, விரலால் தேய்த்தாலே ஒடிந்தன. மின்சாரம் பிறக்கத்தான் செய்தது. வரும் வழியில் பாதி செத்துப்போயிற்று.

ஆகவே, கடைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில் கணக்குப் போடுங்கள். நங்கூரமிட்டு இஞ்சினை நிறுத்தியிருக்கும் 6 மணி நேரத்தில் விளக்குகளும் வயர்லெஸ்ஸும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து 12 ஆம்பியர் இழுத்தால், 72 ஆம்பியர்-மணி செலவாகிறது. நஷ்டத்தையும் சேர்த்து ஏறக்குறைய 85 திரும்ப ஏற்றியாகவேண்டும். 55 ஆம்பியர் என்று பொறித்த யந்திரம், சூடேறிய பிறகு 40 கொடுத்தாலே பாக்கியம். மெதுவான ஓட்டத்தில் அதுவும் குறையும். அந்த 40-இல் ஓடும்போது ஆகிற செலவு 15 போனால் பேட்டரிக்குக் கிடைப்பது 25, அதாவது மூன்றரை மணி நேர ஓட்டம். 100 ஆம்பியர் யந்திரமானால் ஒன்றரை மணி நேரம் என்று கணக்குச் சொல்லும்; ஆனால் சாதாரண ஈயப் பேட்டரி தன் கொள்ளளவில் கால் பங்குக்கு மேற்பட்ட மின்னோட்டத்தைச் சௌகரியமாக ஏற்பதில்லை, நிறையும் தறுவாயில் இன்னும் மெல்லத்தான் குடிக்கும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு இருக்கும் படகிற்கு 80 முதல் 100 வரை தாராளம் என்பது என் கருத்து.

அந்த அளவைத் தாண்டினால் அரை அங்குல ஒற்றை பெல்ட் தாங்காது. இரட்டைப் புல்லியோ பல்வரிப் பட்டை பெல்ட்டோ வேண்டும். பழைய வயரைக் கட்டாயம் மாற்றுங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு வயராகவும், போகவும் வரவுமான நீளம் இரண்டையும் கூட்டிக் கணக்கிட்ட பருமனாகவும் இருக்கட்டும். பேட்டரிக்கு மிக அருகில் ஒரு ஃபியூஸ் அவசியம். ரெகுலேட்டருக்கு வோல்ட் அறியும் தனிக்கம்பி இருந்தால், அதைப் பேட்டரி முனையிலேயே கொண்டு இணைக்கவேண்டும். நாகையில் பார்த்த படகிற்கு இந்த ஒன்றே பாதி மருந்து. செல்ஃபுக்கு ஒரு பேட்டரி, விளக்குகளுக்கு வேறொன்று என்று பிரித்து வைப்பவர் நடுக்கடலில் கைகாட்டி நிற்கமாட்டார்.

லிதியம் பேட்டரி வாங்க எண்ணுகிறவர்கள் சற்று நிதானிக்கவேண்டும். கனமும் குறைவு, ஆயுளும் அதிகம், மெய்தான். ஆயினும் அது எவ்வளவு கொடுத்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்வதால், ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் உழைத்து உழைத்து வெந்துபோகும். தவிர, அதன் பாதுகாப்புச் சாதனம் திடீரென்று இணைப்பைத் துண்டிக்கும் கணத்தில் வோல்ட் பாய்ந்து டயோடுகள் கருகும். இடையே டிசி-டிசி சார்ஜர் ஒன்றை வைக்க மனமில்லாதவர் ஈயப் பேட்டரியோடு இருப்பதே உத்தமம்.

பட்டறையில் இப்போது வெல்டிங் நடக்கும் பருவம். படகில் எங்கே வெல்டிங் வைத்தாலும், அதற்கு முன் பேட்டரியின் இணைப்பையும் ஆல்டர்னேட்டரின் இணைப்பையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரிக்கருகில் வெல்டிங் கூடவே கூடாது, அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் ஒரு பொறிக்கே வெடிக்கும். அதேபோல, இஞ்சின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை அணைப்பதும் டயோடுகளை நாமே கொளுத்துவதாகும்.

படகைத் தண்ணீரில் இறக்கியதும், கிழக்குக் கரையில் ஜூன் முதல் வாரத்திலேயே, எல்லா விளக்குகளையும் போட்டு ஒரு மணி நேரம் இஞ்சினை ஓட்டி, ஆல்டர்னேட்டர் முனையிலும் பேட்டரி முனையிலும் வோல்ட்டைப் பாருங்கள். இரண்டிற்கும் வித்தியாசம் 0.3-க்கு மேற்பட்டால், வயர்க்காரர் ஊரில் இருக்கும்போதே திரும்பக் கூப்பிடுங்கள். 24 வோல்ட் படகுகள் பேட்டரியின் வோல்ட் அளவுகளை இரட்டித்துக்கொள்க. கிடைத்த எண்களைத் தேதியுடன் வீல்ஹவுஸ் கதவின் உட்புறத்தில் பெயிண்டால் எழுதி வையுங்கள். அடுத்த தடைக்காலத்தில் வேறு டிரைவர் இருந்தாலும், மீட்டரை எதனோடு ஒப்பிடுவது என்று அவர் தேடவேண்டியிராது.