வியர்க்கிற முகத்துக்கு எந்த கிரீம்?

“முகத்துக்குத் தடவ ஒரு மாய்ஸ்சரைசர் கொடுங்க தம்பி” என்று மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள். “உங்களுக்கா அண்ணே?” என்பார் பையன். ஆமாம் என்றதும் கறுப்பு ட்யூப் ஒன்று வரும். அதே அலமாரியில் இருக்கும் வெள்ளை ட்யூப் பெண்களுக்காம். இரண்டையும் வாங்கித் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். தண்ணீர், கிளிசரின், டைமெத்திகோன் என்று ஏறக்குறைய ஒரே வரிசை. கறுப்பில் கூடுதலாக இருந்தது வாசனையும் மென்தாலும்தான். ஆண்களின் தோல் சற்றுத் தடிமன், எண்ணெய்ப் பசை கூடுதல், அடிக்கடி பிளேடு படுகிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் ட்யூபின் நிறம் இதில் எதையும் தீர்த்துவிடாது. வெளியில் ஓடுகிறவர், சைக்கிள் மிதிக்கிறவர், பந்து விளையாடுகிறவர் கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வியர்க்கிறோம்?

அதற்கும் முன்னால், எப்போது தடவுவது. நான் இதில்தான் ஏமாந்தேன். ஒரு மே மாதம், ஓடப் போகும் முன் முகத்தைக் காக்கிறேன் பேர்வழி என்று கெட்டியான கிரீமை அப்பிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனேன். மூன்றாவது கிலோமீட்டரில் வியர்வையும் கிரீமும் சேர்ந்து கண்ணுக்குள் இறங்கின. மிச்ச தூரத்தை ஒற்றைக் கண்ணோடு ஓடினேன். அதையே பத்து நாள் தொடர்ந்ததில், தொப்பி அழுத்தும் நெற்றி ஓரத்தில் வரிசையாகப் பருக்கள். மாய்ஸ்சரைசரின் வேலை ஓடி முடித்து, உப்பு படிந்த முகத்தைக் கழுவிய பிறகுதான் தொடங்குகிறது. ஓடும் முன் முகத்துக்கு ஏதாவது தேவை என்றால் அது சன்ஸ்கிரீன். அதுவும் வெயில் இருந்தால் மட்டும்.

எல்லா மாய்ஸ்சரைசரும் மூன்று வேலைகளைத்தான் செய்கின்றன. கிளிசரின், ஹயலுரோனிக் ஆசிட் போன்றவை நீரைப் பிடித்து வைக்கின்றன. ஸ்குவாலேன் போன்றவை தோலின் சொரசொரப்பை நிரவுகின்றன. டைமெத்திகோன், பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை மேலே மூடிபோல் உட்கார்ந்து, உள்ளிருக்கும் நீர் ஆவியாகாமல் தடுக்கின்றன. நீர் பிடிப்பது தூக்கலாக இருந்தால் ஜெல், மூடி தூக்கலாக இருந்தால் கிரீம், நடுவே லோஷன்.

சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஓடுகிறவருக்கு என் முதல் தேர்வு ஜெல். காற்றிலேயே ஈரம் இருக்கும்போது தடித்த மூடி எதற்கு? பிசுபிசுப்புதான் மிஞ்சும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. காலையில் ஓடி, குளித்து, ஷேவ் செய்து, ஜெல் தடவி ஏசி அலுவலகத்தில் உட்காருகிறீர்கள். பதினொரு மணிக்குக் கன்னம் இழுத்துப் பிடிக்கிறது, மூக்கோரம் வெள்ளையாகப் பொரிகிறது. ஜெல் பிடித்து வைத்த நீரை ஏசியின் வறண்ட காற்று வாங்கிக்கொண்டுவிட்டது. இப்படி ஆகிறவர் கடற்கரையிலேயே குடியிருந்தாலும் லோஷனுக்கு மாறிவிடலாம். கோவைக்காரர்களுக்கும் அதையே சொல்வேன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதித்தவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கிரீமுக்கு நியாயமான இடம் ஊட்டியும் கொடைக்கானலும்; அதுவும் மார்கழி, தை மாதங்களில். மாலை ஆறு மணிக்கு மேல் விளக்கொளியில் கால்பந்து ஆடுகிறவருக்குக் கழுவிய முகத்தில் கொஞ்சம் ஜெல் போதும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே இருக்கும் பொருள்களை அளவின் இறங்குவரிசையில்தான் எழுதுவது வழக்கம். மிகச் சிறிய அளவில் சேர்ப்பவை மட்டும் கடைசியில் முன்பின்னாக இருக்கலாம். முன்பக்கம் கொட்டை எழுத்தில் ‘ஹயலுரோனிக்’ என்று இருக்கும். பின்பக்கம் தேடினால் வாசனைப் பொருளுக்கும் பிறகு கிடைக்கும். கிளிசரின் மலிவான சரக்கு, வேலையையும் சரியாகச் செய்யும். அது முதல் நான்கைந்து இடங்களுக்குள் இருந்தால் எனக்குப் போதும். நூறு கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். கறுப்பு ட்யூபின் இன்னொரு வித்தியாசம் அப்போது தெரியவரலாம்.

இனி எல்லோரும் தடுமாறும் இடம். சன்ஸ்கிரீன் சேர்த்த மாய்ஸ்சரைசர் ஒன்றே போதுமா, இரண்டும் தனித்தனியாக வேண்டுமா?

புற ஊதாக் கதிரின் வலிமைக்கு ஒரு குறியீட்டு எண் உண்டு. கைபேசியில் வானிலை பார்க்கும் இடத்திலேயே பெரும்பாலும் இருக்கும். அது 3 அல்லது அதற்கு மேல் போனால் பாதுகாப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விடியலில் தொடங்கி ஏழு மணிக்குள் வீடு திரும்புகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. வெறும் முகத்தோடு ஓடலாம். ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை மிதித்துவிட்டு, இட்லி சாப்பிட்டு, ஒன்பது மணி வெயிலில் திரும்புகிறவர் கதை வேறு. சித்திரை, வைகாசியில் அந்த நேரத்துக்கெல்லாம் எண் 3-ஐத் தாண்டிவிடும்.

எஸ்.பி.எஃப் 30 என்றால் தோலைச் சுடும் யு.வி.பி கதிரில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும். 50 என்றால் 98. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் தடவிச் சோதித்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் என்றால், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கும் அளவு. மாய்ஸ்சரைசரை யாராவது அவ்வளவு தடவுவார்களா? பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்துவிட்டு, 30 என்று போட்டிருக்கிறதே என்று நிம்மதியாகக் கிளம்புகிறோம். கிடைப்பது அதில் ஒரு பங்குதான். போதாக்குறைக்கு, இந்த இரண்டும் சேர்ந்த வகை பெரும்பாலும் வியர்வை தாங்காது. அரை மணி நேரம் பூங்காவில் நடக்கிறவருக்கு அது சரி. ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் வியர்ப்பவர் தனிச் சன்ஸ்கிரீன் வாங்கட்டும்: எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல், யு.வி.ஏ கதிரையும் தடுப்பதற்கு அடையாளமாக ‘பி.ஏ’ என்ற எழுத்துக்குப் பின் மூன்று நான்கு கூட்டல் குறிகளோடு, நீர் தாங்கும் என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பு பெரும்பாலும் 40 அல்லது 80 நிமிடக் கணக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும். துண்டால் முகத்தைத் துடைத்தால் உடனே.

தொப்பி போட்டிருக்கிறேனே என்பார்கள் கடற்கரை ஓட்டக்காரர்கள். மணல் 15 விழுக்காடு வரை கதிரைத் திருப்பி அனுப்பும், அலை நுரை 25 விழுக்காடு வரை. தாடைக்கு அடியிலிருந்து வருவதைத் தொப்பி தடுக்காது. மலைக்குப் போனால் குளிருகிறதே என்று சும்மா இருப்பவர்களுக்கும் ஒரு கணக்கு: ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடும். ஊட்டி 2,240 மீட்டர்.

கண் எரிச்சலுக்கு அஞ்சியே சன்ஸ்கிரீனைக் கைவிட்டவர்கள் நிறையப் பேர். துத்தநாக ஆக்சைடு கலந்தது பொதுவாக அவ்வளவு எரியாது. ஆனால் நம் நிறத்து முகத்தில் விபூதி பூசியதுபோல் நிற்கும். இரும்பு ஆக்சைடு சேர்த்து மாநிறமாக்கிய வகைகள் இப்போது கிடைக்கின்றன. கன்னத்தில் மங்கு விழுந்தவருக்கு அவையே நல்லது; கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அவை ஓரளவு தடுக்கும். எதுவானாலும் புருவத்துக்கு மேல் மட்டும் கை சிக்கனமாகட்டும், ஒரு நெற்றிப் பட்டையும் கட்டிக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்கும் பெரியவர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். கைகாலுக்குத் தாராளமாகப் போதும். வியர்க்கிற முகத்துக்கு வேண்டாம் என்பேன். துளை அடைத்துப் பரு வருவது ஒன்று. தேமலை உண்டாக்கும் பூஞ்சை எண்ணெய்ப் பசையில் வாழ்வது என்பது இன்னொன்று. வாசலினும் முகத்துக்கு அல்ல, உதட்டுக்கு மட்டும். தொடை உரசும் இடத்துக்கும், நெடுந்தூரம் ஓடுகிறவர் மார்க்காம்புக்கும் அதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

ஓடப் போகும் முன் ஷேவ் செய்யாதீர்கள். புதிதாக மழித்த கன்னத்தில் வியர்வை உப்பு பட்டால் எரியும். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவ் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தாடிக்காரர்கள் மயிர்க்கால் வரை விரலால் அழுத்தித் தடவ வேண்டும், இல்லாவிட்டால் தாடிக்குத்தான் மாய்ஸ்சரைசர்.

கடையில் ஒன்றுக்கு மட்டும் கண்டிப்பாகத் தலையசைக்காதீர்கள். வெயிலில் கறுத்துவிட்டது என்று சொன்னால், “இதைப் போடுங்க அண்ணே, ஒரே வாரம்” என்று சின்ன ட்யூப் ஒன்றை நீட்டுவார்கள். பெரும்பாலும் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்தது. மருத்துவர் சீட்டில்லாமல் தரக்கூடாதது. முதல் வாரம் பளிச்சென்றுதான் இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், வெயில் பட்டால் சிவக்கும், நிறுத்தினால் பருவாகக் கொப்பளிக்கும். வெளியில் ஓடுகிறவர் முகத்துக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

புதிதாக வாங்குவது எதுவானாலும் சிறிய ட்யூபாக வாங்கி, மூன்று நாள் தாடைக்கு அடியில் மட்டும் தடவிப் பாருங்கள். டப்பாவைவிட ட்யூப் மேல், வியர்வைக் கை உள்ளே போகாது. பைக் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். வெயிலில் நின்ற வண்டியிலிருந்து எடுத்துப் பிதுக்கும்போது தண்ணீர் தனியாக, எண்ணெய் தனியாக வந்தால், பாதி மிச்சம் இருந்தாலும் அதைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.