கிளினிக் கொப்பியும் ஒரு நாள் பேரும்

சுகாதாரப் பாடம்



காய்ச்சலும் தடிமனும் வந்து சில நாளில் போய்விடும். சீனி வருத்தமும் பிரஷரும் அப்படியல்ல. வந்தால் பெரும்பாலும் நம்மோடுதான் இருக்கும். அவற்றைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு நல்லபடியாக வாழலாம். அதற்கு மருந்தும் வேண்டும், தவறாமல் கிளினிக் போகவும் வேண்டும்.

"நல்லாத்தானே இருக்கேன்?"

மலையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

"ஏன் அக்கா, இன்னைக்கு கிளினிக் நாளில்லையா? கொழுந்துக்கு வந்திருக்கீங்க?"

"போனா ஒரு நாள் பேர் போயிருமே தங்கச்சி. தலைசுத்தும் இல்ல, ஒன்னும் இல்ல. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அக்கா சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரு பேர் குறைந்தால் சம்பளத்தில் தெரியும். பஸ் காசும் செலவாகும். ஆனால் பிரஷர் 140/90க்கு மேலே நின்றாலும் பலருக்கு எந்த வலியும் தெரியாது. சீனி கூடினாலும் அப்படித்தான். உடம்பு நன்றாக இருப்பது மருந்து வேலை செய்வதால். மருந்து நின்றால் கண், சிறுநீரகம், இருதயம், கால் நரம்பு எல்லாம் சத்தமில்லாமல் கெடும். பிறகு ஒரு நாள் பாரிசவாதம் வரலாம். ஆறாத புண்ணால் காலை எடுக்கவும் நேரலாம். அன்று போவது ஒரு நாள் பேர் அல்ல, செக்ரோலில் இருக்கும் பேரே போய்விடும்.

ஆகவே கிளினிக் திகதி கிடைத்த உடனேயே கங்காணியிடம் சொல்லி வையுங்கள். ஒரே டிவிசனில் இருந்து பலர் போவதானால், எல்லோருக்கும் ஒரே நாளைத் தரமுடியுமா என்று கிளினிக் மிஸ்ஸிடம் கேட்டுப் பாருங்கள். துணையும் கிடைக்கும்.

கொப்பிதான் உங்கள் சாட்சி

கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ஒரே டொக்டர் இருக்கமாட்டார். புதிய டொக்டருக்கு உங்களைத் தெரியாது, உங்கள் கொப்பியைத்தான் தெரியும். அதனால்:

1. கொப்பி, இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தால் தந்த துண்டு எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் போட்டு, ஒழுகாத இடத்தில் வையுங்கள்.

2. மிச்சமுள்ள குளிசைகளையும் உறையோடு கொண்டுபோங்கள்.

3. தோட்ட டிஸ்பென்சரிக்கோ தனியார் டொக்டரிடமோ போனாலும் கொப்பியைக் காட்டுங்கள். முதுகுவலி, முழங்கால்வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் சில வலிக் குளிசைகள் பிரஷரைக் கூட்டும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

கிளினிக் நாள் காலையில்

வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பதென்றால், அதற்கு முன் 8 மணித்தியாலமாவது ஒன்றும் சாப்பிடக்கூடாது. விடியற்காலைத் தேத்தண்ணியும் கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம். சீனிக் குளிசை, ஊசி இரண்டையும் இரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். அதனால் சாப்பாட்டையும் கையோடு கொண்டுபோங்கள். பிரஷர் குளிசையை மட்டும் வழக்கம்போல் தண்ணீரோடு எடுத்துவிட்டுப் போங்கள். எடுக்காமல் போனால் பிரஷர் கூடக் காட்டும். குளிசை போதவில்லை என்று டொக்டர் நினைத்து அளவைக் கூட்டிவிடலாம்.

வாய் திறந்து கேளுங்கள்

சிங்களம் விளங்கவில்லை என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். 1987ஆம் ஆண்டு 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. மரியாதையாக இந்த மூன்றையும் கேளுங்கள்:

"இது எதுக்கான மருந்துங்க?"
"எத்தனை, எப்ப, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா?"
"அடுத்து எப்ப வரணும்?"

பதிலை உறையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை வாசித்துக் காட்டட்டும்.

மருந்து இல்லை என்றால்

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அரச ஆஸ்பத்திரிகளில் பல மருந்துகள் இல்லாமல் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். வெளியே வாங்கச் சொன்னால், துண்டை வாங்காமல் வராதீர்கள். அரசாங்கத்தின் ஒசுசல மருந்துக்கடையில் விசாரியுங்கள். ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களில், பல விலைகளில் வரும். "இதே மருந்து குறைஞ்ச விலையில இருக்குங்களா?" என்று கேட்பதில் வெட்கமில்லை. காசு போதாவிட்டால் சில நாளைக்காவது வாங்குங்கள். குளிசையைப் பாதியாக்கிச் சாப்பிட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

மலையில் நிற்கும்போது

சீனி மருந்து எடுப்பவருக்குத் திடீரென்று நடுக்கம், வியர்வை, கடும் பசி, மயக்கம் வந்தால் சீனி இறங்கியிருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றவேண்டாம். தினமும் இரவில் கால் விரல் இடுக்குகளைப் பாருங்கள். அட்டை கடித்த இடம் புண்ணானாலும் அசட்டை வேண்டாம், மறுநாளே டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

நெஞ்சுவலி, வாய் கோணல், ஒரு பக்கம் கைகால் விழுதல் என்றால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். தோட்டம், டிவிசன், பக்கத்துக் கோயில் அல்லது பாலத்தின் பெயரைச் சொல்லி, ஒருவரைப் பெரிய ரோட்டுச் சந்தியில் நிறுத்தி வையுங்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நம் வீட்டில் கிளினிக் கொப்பி யாரிடம் இருக்கிறது? எங்கே இருக்கிறது?
2. அடுத்த கிளினிக் திகதி எது? அதுவரைக்கும் குளிசை போதுமா?
3. இரத்தம் எடுக்கும் நாளில் எந்தக் குளிசையை முன்னே எடுக்கவேண்டும், எதைப் பின்னே எடுக்கவேண்டும்?
4. இராத்திரியில் அம்புலன்ஸ் வந்தால் நம் லயத்துக்கு யார் வழிகாட்டுவது?

இந்த நான்குக்கும் பதில் தெரிந்த வீட்டில் நோயாளி தனியாக இல்லை. பதில் தெரியாவிட்டால் இன்றிரவே கொப்பியைத் தேடி எடுங்கள்.