புது ஊரில் போர்டு கேம் செட் சேர்ப்பது எப்படி?

கோவையில் படித்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளை ஆண்டுதோறும் வழியனுப்புகிறேன். விடுதியில் விடிய விடிய கட்டான் ஆடியவர்கள் அவர்கள். ஆறு மாதம் கழித்துப் பேசினால், சனிக்கிழமை முழுவதும் பி.ஜி. அறையில் கைப்பேசியோடு கிடக்கிறேன் என்கிறார்கள். எங்கே, யாரோடு ஆடுவது என்பதைத் தப்பாகத் தேர்ந்தெடுத்ததுதான் பெரும்பாலும் காரணம். யூடியூபில் எது ஓடுகிறதோ அதைத் தேடிப் போகிறார்கள். வீட்டிலிருந்து வரும் நெருக்கடி வேறு. 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து, “விளையாடணும்னா செஸ் கிளாஸ்ல சேரு, பேராவது வரும்” என்று சொல்லாத அப்பா இல்லை. செஸ் மகத்தான ஆட்டம். ஆனால் வாய் திறக்காமல் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆடுவது, ஊரில் ஒருவரையும் தெரியாத பிள்ளைக்குச் சிநேகிதம் தேடித் தராது.

இந்திராநகர், கோரமங்களா பக்கம் போர்டு கேம் கஃபேக்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு வந்த முதல் மாதத்துக்கு அது போதும். பெட்டி வாங்க வேண்டாம். விதி சொல்லித்தர ஆள் இருப்பார். பெண் பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்வது, அறிமுகமில்லாதவர்களோடு முதல் சில சந்திப்புகள் இப்படிப்பட்ட பொது இடத்திலேயே நடக்கட்டும். நாள்தோறும் முகங்கள் மாறுவதுதான் கஃபேயின் குறை. அலுவலகத்து செட்டும் சுலபமாக அமையும், ஆனால் பகடை உருட்டும்போதும் பேச்சு அப்ரைசலுக்குத்தான் திரும்பும்.

நான் அதிகம் எச்சரிக்க வேண்டியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தைப் பற்றி. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் கதை ஆட்டம் அது. அதன் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. 2016-இல், சிறுவர்கள் இந்த ஆட்டத்தை ஆடும் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடர் வந்த பிறகு, புது ஊருக்குப் போனதும் நேரே ஒரே கதை வாரக்கணக்கில் தொடரும் நீண்ட ‘கேம்பெயினில்’ சேர்ந்துவிட வேண்டும் என்ற ஆசை மாணவர்களைப் பிடித்திருக்கிறது. இதை ஆடிக் காட்டும் ‘கிரிட்டிகல் ரோல்’ நிகழ்ச்சியைப் பார்த்துப் பார்த்து அந்த ஆசை வளர்கிறது. 2015-இல் ஒளிபரப்பு தொடங்கும் முன்பே அந்தக் குழு வீட்டில் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தது என்பதையும், அவர்கள் தொழில்முறைக் குரல் நடிகர்கள் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ சிறுவர்களும் ஏற்கெனவே நண்பர்கள்தான். இரண்டு இடத்திலும் சிநேகிதம் முதலில் வந்தது, கேம்பெயின் பின்னால் வந்தது. நம் பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறார்கள்.

நடைமுறையில் என்ன ஆகிறது? கதையை நடத்த டன்ஜன் மாஸ்டர் ஒருவர் வேண்டும். அவரைத் தவிர நான்கைந்து பேர் ஒரே நாளில் மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டும், அதுவும் அதே ஆட்கள், வாரா வாரம். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒருவருக்கு இரவு ஷிப்ட், ஒருவர் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருப்பார், ஒருவர் ஒயிட்ஃபீல்டு நெரிசலில் மாட்டியிருப்பார். இருவர் வராவிட்டால் கதை நின்றுவிடும். நடத்துபவர் பாடு இன்னும் மோசம். அடிப்படை நூல்கள் மூன்று, ஒவ்வொன்றும் 300 பக்கத்தைத் தாண்டும். வேலை முடிந்து வந்து ஒவ்வொரு வாரமும் தயாரிக்க வேண்டும். அவர் களைத்துப்போன வாரத்தோடு அந்த வாட்ஸ்ஆப் குழுவும் அடங்கிவிடும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை, அறிமுகமில்லாத ஐந்து பேர் முன்னால் ஒரு பாத்திரமாகப் பேச வேண்டிய சங்கடத்தில் இரண்டாம் வாரமே விலகிவிடும். பிறகு ‘எனக்கு இதெல்லாம் சரிவராது’ என்று எல்லா ஆட்டத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிடும். அதுதான் என்னை வருத்துகிறது. 95 காட்சிகள் கொண்ட ‘குளூம்ஹேவன்’ பெட்டியைச் சம்பளம் வந்த கையோடு வாங்கி, கூட ஆட ஆளில்லாமல் கட்டிலுக்கடியில் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஆசை அடங்கவில்லையென்றால் ஒரே நாளில் முடியும் ‘ஒன் ஷாட்’ ஒன்றில் உட்கார்ந்து பாருங்கள். அதில் பிடித்துப்போன ஆட்களோடு ஆறு மாதம் கழித்து கேம்பெயின் தொடங்கலாம்.

என் சிபாரிசு, சொந்தமாகச் சின்ன செட் ஒன்று தொடங்குவது. எனக்கு இதில் பட்சபாதம் உண்டு. நான் பார்த்தவரை வருடக்கணக்கில் நின்ற செட்டுகள் எல்லாம் இப்படித் தொடங்கியவையே. இரண்டு பேர் போதும். மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இடம் பாருங்கள். 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டிலிருந்து இந்திராநகருக்கு ஒரே ரயிலில் வந்துவிடலாம். எல்லோருக்கும் தோதான நாளைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், அப்படி ஒரு நாள் வராது. நீங்களே ஒரு கிழமையை முடிவு செய்து, யார் வந்தாலும் வராவிட்டாலும் அன்று ஆடுங்கள்.

எந்தப் பெட்டி என்பதில் கவனம் வேண்டும். மேசையில் கன்னடம், மலையாளம், இந்தி, தமிழ் எல்லாம் இருக்கும். ‘கோட்நேம்ஸ்’ ஆங்கில வார்த்தைகளிலேயே ஓடும் ஆட்டம், ஆங்கிலம் தயங்கிப் பேசுபவரை அது ஓரங்கட்டிவிடும். ‘அசூல்’ ஓடுகளிலும் ‘கார்க்கசோன்’ அட்டைகளிலும் படிக்க எழுத்தே இல்லை. கார்க்கசோனை இரண்டு பேரும் ஆடலாம், ஐந்து பேரும் ஆடலாம். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எல்லோரும் ஒரே அணியாக நோயை எதிர்த்து ஆடும் ‘பாண்டமிக்’ எனக்கு மிகவும் பிடித்தது, தோற்றாலும் யார் மனமும் நோகாது. ஆனால் விவரம் தெரிந்த ஒருவரே எல்லோர் காயையும் நகர்த்தச் சொல்லும் பழக்கம் அதில் சுலபமாக வந்துவிடும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் வாயைக் கட்டுங்கள்.

உங்கள் சுபாவம் என்ன என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். விதியைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்கள் உண்டு, ஆட்களை அழைத்துச் சேர்ப்பதில் கெட்டிக்காரர்கள் உண்டு, நேரத்துக்கு வந்து அமைதியாக ஆடிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மூவரும் செட்டுக்கு வேண்டியவர்களே. கூச்சமுள்ளவர் தன்னை மாற்றிக்கொண்டு கூட்டத்தை நடத்தியாக வேண்டியதில்லை. அழைக்கத் தெரிந்த ஒருவரோடு சேர்ந்தால் போதும். படிப்பிலும் வேலையிலும் இதைத்தான் சொல்லிவருகிறேன்: பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், உங்களுக்கானது தெரிய நாளாகும். இரண்டு வாரம் ஒருவரும் வரவில்லை என்பதற்காகக் கிழமையை மாற்றாதீர்கள். குழுவில் “இன்று ஆடுகிறோம்” என்று மட்டும் போடுங்கள், “ஏன் வரவில்லை” என்று கேட்காதீர்கள். இடைவெளி விட்டவர் தயக்கமில்லாமல் திரும்பி வர அதுவே உதவும்.

கட்டானின் அடிப்படைப் பெட்டியில் நால்வர்தான் ஆட முடியும். ஐந்தாவது ஆள் வந்த அன்று, மற்றவர் எவ்வளவு கேட்டாலும் அதை எடுக்காமல் ஐவர் ஆடும் பெட்டியைத் திறங்கள். எட்டுப் பேர் ஆனதும் மேசையை இரண்டாக்கி, விதி சொல்லித்தரத் தெரிந்த இன்னொருவரிடம் இரண்டாவது மேசையை ஒப்படைத்துவிடுங்கள்.