ப்ளூடூத் பட்டியலில் எதை வைப்பது, எதை நீக்குவது?

போன் அடிக்கிறது. எடுத்து ‘ஹலோ’ என்கிறீர்கள், பதிலே இல்லை. நாலைந்து ‘ஹலோ’வுக்குப் பிறகுதான் புரிகிறது, வாசலில் மகன் காரை ஸ்டார்ட் செய்திருக்கிறான். எதிர்முனையில் பேசுகிறவர் சொல்வதெல்லாம் கார் ஸ்பீக்கர் வழியாகத் தெருவுக்கே கேட்டுக்கொண்டிருக்கிறது. பேசுகிறவர் சம்பந்தியாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அந்த நேரத்துக்கு உடனடி வழி ஒன்று உண்டு. அழைப்புத் திரையில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் போன், ஸ்பீக்கர், ப்ளூடூத் என்று வழிகளைக் காட்டும். ‘போன்’ என்பதைத் தொட்டதும் குரல் காதுக்கு வந்துவிடும். ஆனால் நாளை காலையும் இதேதான் நடக்கும். நிரந்தரமாகத் தீர்க்க வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு நமக்குப் பல வழிகளைத் தருகிறது. துண்டிக்கலாம், சில வேலைகளை மட்டும் நிறுத்தலாம், பெயரை மாற்றலாம், அடியோடு நீக்கலாம், எல்லாவற்றையும் மொத்தமாக ரீசெட் செய்யலாம். பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். பொறுமை இழந்தவர்கள் நேராகக் கடைசிக்குப் போய் வீட்டு வைஃபை பாஸ்வேர்டையும் சேர்த்துத் தொலைக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய எனக்குத் தெரிந்து ஒரே கேள்வி போதும்: அந்த மறுமுனைக் கருவி இப்போது யார் கையில் இருக்கிறது?

அதற்கு முன் ‘பேரிங்’ என்று நாம் சொல்வதில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இரண்டு கருவிகள் முதல்முறை சேரும்போது ஒரு ரகசியச் சாவி உருவாகி இரண்டிலும் பதிவாகிறது. மறுநாள் இயர்பட்ஸ் பெட்டியைத் திறந்ததும் யாரையும் கேட்காமல் அது போனோடு ஒட்டிக்கொள்வது இந்தச் சாவியால்தான். துண்டிப்பது சாவியைத் தொடுவதே இல்லை. நீக்குவது போனில் இருக்கும் சாவியை அழிக்கிறது. மறுமுனையில் இருப்பது அங்கேயேதான் இருக்கும். பாதிக் குழப்பத்துக்குக் காரணம் இதுதான். நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கப் போனால் ‘பின் அல்லது பாஸ்கீ தவறு’ என்று போன் சண்டை பிடிக்கும். நாம் எந்த எண்ணையும் அடித்திருக்கவே மாட்டோம். ஒருபக்கம் சாவி இல்லை, இன்னொரு பக்கம் பழைய சாவி கிடக்கிறது. பெரும்பாலும் அவ்வளவுதான் விஷயம். அந்த ஹெட்செட்டையோ ஸ்பீக்கரையோ அதன் கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் சேர்ந்துவிடும்.

முதலில், கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது, நாளைக்கும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு நீக்குவது வீண் வேலை. ப்ளூடூத் பட்டியலில் பெயரைத் தொட்டுத் துண்டித்தாலே இப்போதைக்குப் போதும். தினமும் தொல்லை என்றால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தைத் தொடுங்கள். சில போன்களில் அது அம்புக்குறியாகவோ வட்டத்துக்குள் ஓர் எழுத்தாகவோ இருக்கும். உள்ளே அழைப்பு, பாட்டு, தொடர்புப் பட்டியல் என்று தனித்தனி சுவிட்சுகள் இருக்கும். இந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. பட்டியலிலேயே மிகவும் பயனுள்ள பக்கம் இதுதான் என்பேன். காரில் பாட்டு வேண்டும், பேச்சு வேண்டாம் என்றால் ‘போன் கால்ஸ்’ சுவிட்சை அணையுங்கள், ‘மீடியா ஆடியோ’வை விட்டுவையுங்கள். மகன் காரை எத்தனை முறை ஸ்டார்ட் செய்தாலும் சம்பந்தி உங்கள் காதோடுதான் பேசுவார். ஹெல்மெட்டில் மாட்டும் ஹெட்செட்டுக்கு இதற்கு நேர்மாறாக வைத்துக்கொள்ளலாம்.

கருவி வீட்டிலேயே இருக்கிறது, ஆனால் பல பேர் பயன்படுத்துகிறார்கள் என்றால் கதை வேறு. ஹாலில் ஒரு ஸ்பீக்கர், அதற்கு நாலு போன் சொந்தம். நீங்கள் பாட்டுப் போட முடியவில்லை என்றால் கோளாறு உங்கள் போனில் இல்லாமலே இருக்கலாம். மாடியில் இருக்கும் ஒருவரின் போன் அதைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் போனில் போய்த் துண்டிக்காமல் உங்கள் போனில் எத்தனை முறை நீக்கிச் சேர்த்தாலும் பயனில்லை. மளிகைக் கடைகளில் பில் அடிக்கும் சின்னத் தெர்மல் பிரிண்டர்களிலும் இதே தொல்லைதான். அவற்றுக்குப் பெரும்பாலும் 0000 அல்லது 1234 தான் பின் என்பதால் கடையில் வேலை பார்க்கும் எல்லாருடைய போனிலும் அது ஏறியிருக்கும். அங்கே நீக்க வேண்டியது கடை போனில் அல்ல, மற்றவர்கள் போனில்.

ஒரே பெயரில் இரண்டு இயர்பட்ஸ் உள்ள வீடுகளும் உண்டு. பட்டியலில் ‘ஏர்டோப்ஸ் 141’ என்று மேலும் கீழுமாக இரண்டு வரி நிற்கும். எது அண்ணனுடையது, எது தங்கையுடையது என்று கடவுளுக்கே வெளிச்சம். பலர் குருட்டாம்போக்கில் ஒன்றை நீக்குவார்கள், அது தப்பானதாகவே இருக்கும். ஒன்றை மட்டும் காதில் மாட்டி இணைத்துப் பாருங்கள். எந்த வரிக்குக் கீழே ‘கனெக்டட்’ என்று வருகிறதோ அதன் பற்சக்கரத்துக்குள் போய்ப் பென்சில் படத்தைத் தொட்டு ‘அண்ணன் கறுப்பு’ என்று பெயர் வையுங்கள். பெரும்பாலும் இந்தப் பெயர் உங்கள் போனில் மட்டும்தான் தெரியும், தங்கைக்குத் தெரியாது.

இனி மூன்றாவது வகை, கருவி கைவிட்டுப் போனது. விற்றது, தொலைந்தது, பழுதானது, வாடகைக் கார், பழைய ஆபீஸின் மீட்டிங் ரூம் ஸ்பீக்கர். இவற்றைத் தயங்காமல் நீக்குங்கள். பிக்சல், மோட்டோரோலா போன்களில் செட்டிங்ஸில் ‘கனெக்டட் டிவைசஸ்’, அங்கே முழுப் பட்டியலைத் திறந்து, பற்சக்கரம், ‘ஃபர்கெட்’. சாம்சங்கில் ‘கனெக்‌ஷன்ஸ்’, ‘ப்ளூடூத்’, பற்சக்கரம், ‘அன்பேர்’. மற்ற பல போன்களில் செட்டிங்ஸின் முதல் பக்கத்திலேயே ப்ளூடூத் தனி வரியாக இருக்கும். ப்ளூடூத்தை ஆன் செய்துவிட்டுப் போங்கள். அணைந்திருந்தால் பட்டியல் தெரியாமல் போகலாம்.

செத்துப்போன ஒரு பழைய நெக்பேண்டின் பெயர் பட்டியலில் கிடந்தால் ஆபத்து ஒன்றுமில்லை, பட்டியல் நீளும், அவ்வளவுதான். ஆனால் உயிரோடு இருந்து வேறொருவர் கைக்குப் போனது வேறு விஷயம். பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்ற ஸ்பீக்கரை அவர் ஆன் செய்தால், எட்டும் தூரத்தில் இருந்தால் அது உங்கள் போனைத் தேடி வரும். 2020-ல் ‘பயாஸ்’ என்ற பெயரில் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட குறையும் இதே பழைய ஜோடிகளைப் பற்றியதுதான். ஏற்கெனவே சேர்ந்த கருவியைப்போல இன்னொரு கருவி வேடமிட்டு, சாவி இல்லாமலே போனோடு இணைய முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். 2023 இறுதியில் இன்னொரு குறை வெளிவந்தது: ப்ளூடூத் கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு, உரிமையாளர் சம்மதம் இல்லாமலே போனில் எழுத்து அடிக்க முடிந்தது. அதற்குப் பட்டியலைச் சுத்தம் செய்வது தீர்வல்ல. அந்த ஆண்டு டிசம்பரில் ஆண்ட்ராய்டு 11 முதல் 14 வரைக்கும் வந்த பாதுகாப்பு அப்டேட்தான் தீர்வு. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கும் கீழே உள்ள போன் வைத்திருப்பவர்கள் வெளியிடங்களில் ப்ளூடூத்தை அணைத்து வைப்பதே மேல்.

நீக்கியும் மிச்சமிருப்பவை சில உண்டு, அவைதான் ஆளை ஏமாற்றும். காரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல்முறை சேர்த்தபோது உங்கள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் ஸ்டீரியோ படித்திருக்கும். சில ஸ்டீரியோக்கள் அதைத் தம் நினைவில் பிரதி எடுத்தும் வைத்துக்கொள்ளும். போனில் ‘ஃபர்கெட்’ செய்தால் அந்தப் பிரதி அழியாது. ஆகவே கார் விஷயத்தில் வரிசை முக்கியம்: முதலில் ஸ்டீரியோ திரையில் போன் பட்டியலைத் திறந்து உங்கள் போனை அங்கே நீக்குங்கள், பிறகு போனில் நீக்குங்கள். காரை விற்கிறவர்கள் ஸ்டீரியோவையே ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டால் நிம்மதி. ஆண்ட்ராய்டு ஆட்டோ பயன்படுத்தியிருந்தால் அதற்குத் தனியாக ஒரு பட்டியல் உண்டு. அதன் செட்டிங்ஸில் முன்பு இணைந்த கார்கள் என்ற பகுதியில் போய் அங்கேயும் நீக்க வேண்டும்.

இரண்டாவது, கூகுள் கணக்கு. பெட்டியைத் திறந்ததும் படத்தோடு கார்டு ஒன்று மேலெழும்பிச் சேரும் இயர்பட்ஸ் எல்லாம் ‘ஃபாஸ்ட் பேர்’ வகை. அவை போனில் மட்டுமல்லாமல் உங்கள் கணக்கிலும் பதிவாகக்கூடும். செட்டிங்ஸில் ‘கூகுள்’ பகுதியின் ‘டிவைசஸ்’ வரியில் ‘சேவ்டு டிவைசஸ்’ இருக்கும்; விற்ற இயர்பட்ஸ் அங்கே உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. இவ்வகை இயர்பட்ஸை நீக்கும்போது ‘இந்தக் கணக்கோடு சேர்ந்த எந்தக் கருவியோடும் இனி இணைந்திருக்காது’ என்ற பொருளில் ஒரு பெட்டி வரலாம். அவசரத்தில் ‘ஓகே’ கொடுத்தால் உங்கள் டேப்லெட்டிலிருந்தும் அது போய்விடும். போனில் மட்டும் தொல்லை என்றால் சுவிட்சுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவதைப் பலர் மறந்தே போயிருப்பார்கள். ‘ஸ்மார்ட் லாக்’ என்று இருந்து இப்போது ‘எக்ஸ்டெண்ட் அன்லாக்’ ஆகியிருக்கும் வசதியில், நம்பகமான கருவி என்று ஒரு வாட்ச்சையோ காரையோ குறித்திருந்தால், அது பக்கத்தில் இருக்கும்வரை போன் சட்டென்று பூட்டிக்கொள்ளாது. அந்தக் கருவி தொலைந்துவிட்டால் ப்ளூடூத் பட்டியலோடு அந்தப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

வாட்ச், பேண்டு வகைகளை ப்ளூடூத் பட்டியலில் தொடவே தொடாதீர்கள். அவற்றின் ஆப் திரும்பத் திரும்ப இணைக்கப் பார்க்கும், பேட்டரிதான் கரையும். ஆப்புக்குள் போய் அங்கே நீக்குவதே முறை. சில வாட்ச்கள் அதோடு தம்மைத்தாமே ரீசெட் செய்துகொள்ளும். கைமாற்றிக் கொடுக்கும்போது இதைச் செய்யாவிட்டால், சில பேண்டுகள் உங்கள் கணக்கோடு கட்டுண்டே கிடக்கும். வாங்கியவர் போனில் சேராது, அவர் உங்களைத் தேடி வருவார். ப்ளூடூத் வசதியுள்ள ஸ்கூட்டர், பைக்கை விற்பவர்களும் அந்தக் கம்பெனி ஆப்பில் வண்டியை நீக்கிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். காது கேட்கும் கருவி, உடம்பில் ஒட்டிச் சர்க்கரை அளவைச் சொல்லும் சென்சார் போன்றவற்றை மருத்துவரிடமோ கருவி கொடுத்தவரிடமோ கேட்காமல் நீக்கவே கூடாது. எச்சரிக்கை ஒலி வராமல் போனால் விபரீதம்.

பட்டியலில் எண்ணற்ற பெயர்கள் கிடக்கின்றன, ஒவ்வொன்றாக நீக்கப் பொறுமையில்லை என்பவர்களுக்கும், நீக்கு என்று அழுத்தியும் போகாமல் அடம்பிடிக்கும் பெயருக்கும்தான் ரீசெட். ‘சிஸ்டம்’ பகுதியில் ‘ரீசெட் ஆப்ஷன்ஸ்’ என்று இருக்கும். சாம்சங்கில் ‘ஜெனரல் மேனேஜ்மென்ட்’. போட்டோ, மெசேஜ், ஆப் எதுவும் போகாது. ஆனால் சேர்த்துவைத்த எல்லா வைஃபை பாஸ்வேர்டும் போகும். புதிய போன்களில் மொபைல் நெட்வொர்க் ரீசெட் தனியாகவும், வைஃபை–ப்ளூடூத் ரீசெட் தனியாகவும் பிரிந்திருந்தால் இரண்டாவதை மட்டும் தொடுங்கள். பழையவற்றில் மூன்றும் ஒன்றாகவே போகும். அதற்கு முன் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அடம்பிடிக்கும் பெயர்கள் பாதி அதிலேயே வழிக்கு வரும். ப்ளூடூத் ஆப்பின் கேச்சை அழிப்பது பற்றிப் பலர் சொல்வார்கள். இணைப்புக் கோளாறுக்கு அது சில சமயம் உதவும், பட்டியலைச் சுத்தம் செய்ய உதவாது. சாவிகள் இருக்கும் கோப்பு வேறு இடம்.

ப்ளூடூத் பட்டியலை ஒரே தட்டலில் காலி செய்வதாகச் சொல்லும் ஆப்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து காட்டுவதைத் தாண்டி அவற்றால் முறையாகச் செய்ய முடிவது அதிகமில்லை. அதற்காக அருகிலுள்ள கருவிகளைத் தேடும் அனுமதியை ஒரு தெரியாத ஆப்புக்குத் தர வேண்டியிருக்கும்.

இனிமேல் சேரப்போகும் கருவிகளுக்கு ஒரு வார்த்தை. போனிலிருந்து நீங்கள் சேர்க்கும்போது வரும் பெட்டியில் ‘பேர்’ பட்டனுக்கு மேலே தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரத்தையும் பார்க்க அனுமதிக்கும் சின்னச் சதுரம் ஒன்று இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வாடகைக் காரில் ஊட்டி போய்வர, பாட்டு கேட்க அந்த அனுமதி தேவையே இல்லை.