ஊராட்சியும் ஊரின் பாதுகாப்பும்

“காவல் நிலையம் அரசாங்கத்தைச் சேர்ந்தது; அதில் ஊராட்சிக்கு என்ன வேலை?” என்று உறுப்பினர் பலர் நம்மைக் கேட்டதுண்டு. கேள்வியில் பாதி நியாயமே. காவல்துறைக்கு ஆணையிடும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கும் இல்லை. ஒன்றியக் குழுத் தலைவருக்கும் இல்லை. வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் இல்லை. மற்றொரு பாதி எவ்வளவு பிழையானது என்பதை நம் வட்டாரத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே நமக்குக் கற்பித்தது.

புறவழிச் சாலையை ஒட்டி விரைந்து வளர்ந்துவரும் ஊராட்சி அது. முன்பு நெல்வயலும் தென்னந்தோப்புமாக இருந்த இடத்தில் இன்று நூற்பாலையும், சரக்குக் கிடங்குகளும், வரிசை வரிசையாக வாடகை வீடுகளும் எழுந்துவிட்டன. எதிரே வருபவர் இன்னார் மகன் என்று சொல்லக்கூடிய ஊராக இருந்தது. இன்று பாதிப் பேருக்கு மீதிப் பேரைத் தெரியாது. 2024 ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு, ஆலையில் இரண்டாம் ஷிப்டு முடித்து நடந்து வந்த பெண் ஒருவரின் கழுத்துச் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பறித்துச் சென்றனர். கீழே விழுந்ததில் அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவருடைய கூலியை நம்பி இரண்டு பள்ளிப் பிள்ளைகள். நான்கு மாதம் அவர் ஆலைக்குப் போக இயலவில்லை.

காவல் நிலையத்தில் மனு ரசீது கொடுத்தார்கள். முதல் தகவல் அறிக்கை பதியவில்லை. மூன்று வாரம் அலைந்த பின்னர் அவர் நம் அலுவலகத்திற்கு வந்தார். அவரை அமரச் செய்துவிட்டு, அந்த ஊராட்சியின் தெருவிளக்குப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தோம். ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையே நான்கு விளக்குகள். நான்கும் நாள்தோறும் எரிந்ததாகப் பதிவு. ஒரு மாதத்துக் குறிகள் அனைத்தும் ஒரே பேனாவால், ஒரே மூச்சில் போடப்பட்டிருந்தன. அன்று மாலை நேரில் சென்று பார்த்தபோது மூன்று விளக்குகள் அணைந்து கிடந்தன. ஒன்பது வாரமாகவே அப்படித்தான் என்று அருகிலிருந்த தேநீர்க் கடைக்காரர் கூறினார். அந்தப் பதிவேட்டின் கீழே, பார்வையிட்டதற்கு அடையாளமாக நம் கையொப்பமும் இருந்தது. ரோந்து வருவதில்லை என்று காவலரைக் குறைகூற ஆயத்தமாக இருந்த நாம், வாய் மூடித் திரும்பினோம்.

இனி, சட்டம் கூறுவது என்ன என்று பார்ப்போம். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் பொது ஒழுங்கும் காவலும் மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு பொருள்கள். உள்ளாட்சியும் அதே பட்டியலில் ஐந்தாவதாக உள்ளது. ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத் தக்கவையாகப் பதினோராம் அட்டவணை கூறும் 29 பொருள்களில் காவல் இல்லை. இது தற்செயலாக விடுபட்டதன்று என்பது நம் கருத்து. சென்னை மாகாணத்தில் ஒரு காலத்தில் நிலவரி தண்டியவர்களே காவல் அதிகாரமும் செலுத்தினர். வரி கட்ட இயலாத குடியானவர்கள் பட்ட சித்திரவதைகளை 1855-ஆம் ஆண்டில் விசாரணைக் குழுவொன்று வெளிப்படுத்திற்று. அதன் பின்னரே 1859-ஆம் ஆண்டின் மாவட்டக் காவல் சட்டம் பிறந்து, காவல் தனித் துறையாயிற்று. வீட்டுவரி வசூலிக்கும் ஊராட்சியின் கையில் தடியும் இருக்கவேண்டும் என்று விரும்புவோர் இவ்வரலாற்றைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். இங்கிலாந்தில் வேறு வழி கண்டனர். அங்கே 1835-ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர மன்றத்தின் காவற்குழுவே காவலரை நியமித்தது. அம்முறையும் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாற்றப்பட்டது. நமக்கு அமைந்த ஏற்பாடு நமக்குப் போதும். ஆனால் அதிலுள்ள இடத்தை நாம் பயன்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

முதலாவது, நம் சொந்தக் கடமை. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவு, பொதுச் சாலைகளுக்கும் பொது இடங்களுக்கும் விளக்கிடுவதை ஊராட்சியின் கட்டாயக் கடமையாக வைத்துள்ளது. புதர் அகற்றுவதும், பாழுங்கிணறுகளைத் தூர்ப்பதும் அதே பிரிவில் வருகின்றன. பாழுங்கிணறு என்றதும் 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து மாண்ட இரண்டு வயதுக் குழந்தையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பயனற்ற ஆழ்துளைக் கிணறுகளை மூடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே விரிவாக வழிகாட்டியிருந்தது. இவற்றில் எதற்கும் காவல்துறையின் அனுமதி வேண்டியதில்லை. பணம் இல்லை என்னும் விடையும் செல்லாது. மத்தியப் பிரதேசத்து இரத்லாம் நகராட்சி, கழிவுநீர்க் கால்வாய் கட்ட நிதியில்லை என்று வாதாடியபோது, சட்டம் விதித்த கடமைக்கு அது சாக்காகாது என்று உச்ச நீதிமன்றம் 1980-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் ஒரு வார்டின் குடிமக்களே.

இரண்டாவது, கேள்வி கேட்கும் உரிமை. கேள்வி கேட்க முதலில் நாம் சட்டம் அறிந்திருக்கவேண்டும். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவை ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் படித்து வைத்திருப்பது நலம். காவலர் தாமே கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலை, குற்றம் எவ்வெல்லையில் நடந்திருப்பினும், நிலைய அலுவலர் பதிவு செய்யவேண்டும். பதிவின் படியை இலவசமாகத் தரவேண்டும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குட்பட்ட தண்டனையுள்ள குற்றங்களில் மட்டும், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதி பெற்று, 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். சங்கிலிப் பறிப்பு இவ்வகையில் சேரும். எனவே, மூன்று வாரம் வெறும் ரசீதோடு காத்திருக்க வைத்தற்கு இடமேயில்லை. நிலையத்தில் பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதலாம். அதன் பின்னரும் பயனில்லையேல் நீதித்துறை நடுவரிடம் செல்லலாம். புலனாய்வின் நிலையை 90 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும் என்று 193-ஆம் பிரிவு கூறுகிறது. அந்தப் பெண்ணிடம் இவற்றை விளக்கிக் கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுத உதவினோம். ஐந்தாம் நாள் முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று.

கேள்வி கேட்கும் இடம் கிராம சபை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் அதற்கென வகுக்கப்பட்டவை. ஊராட்சி மன்றத்திற்குத் தேர்தல் நடவாத காலத்திலும் கிராம சபை இருந்துகொண்டே இருக்கும். வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர். ஆய்வாளரைக் கிராம சபைக்கு அழைக்கலாம். ஆனால் விசாரணைக் கைதியைப் போல நிறுத்திக் கேட்கக்கூடாது. சென்ற காலாண்டில் எத்தனை மனு வந்தன, எத்தனை வழக்காயின, இரவு ரோந்து எத்தெருக்களில் எத்தனை மணிக்கு வருகிறது, ரோந்துக் காவலர் கையொப்பமிடும் பட்டாப் புத்தகம் எந்த வீட்டில் இருக்கிறது என்பன கேட்கத் தக்கவை. இன்னார்மேல் ஏன் வழக்குப் போட்டீர், இன்னாரை ஏன் விடவில்லை என்பன கேட்கத் தகாதவை. சபையே நீதிமன்றமாக மாறி, பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டி அபராதம் விதிக்கத் தொடங்கினால் அதற்குக் கட்டப் பஞ்சாயத்து என்று பெயர். அதனால் நசுக்கப்படுவோர் பெரும்பாலும் கூலிக்கு வந்த வெளியூராரும், பேச நாவில்லாத சிறு குடிகளுமே.

இளைஞர்களைத் திரட்டிக் காவலருக்குத் துணை நிற்கச் செய்தால் போதுமே என்பாரும் உளர். காவல் நண்பர்கள் என்னும் இயக்கம் 1993-ஆம் ஆண்டில் இராமநாதபுரத்தில் தோன்றி மாநிலமெங்கும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்த பின்னர், அவ்வியக்கத்தின்மீது குற்றச்சாட்டுகள் எழுந்து, அடுத்த மாதமே அரசு அதற்குத் தடை விதித்தது. உதவி செய்வது ஒன்று. மேற்பார்வை என்பது வேறொன்று. அதிகாரத்தின் எல்லை எதுவென்று எழுதப்படாத துணைவர், ஊரின் கண்ணாக இருப்பதை விட்டு, நிலையத்தின் கையாகிவிடுதல் எளிது.

மூன்றாவது வாயில் பலரும் அறியாதது. 2020 டிசம்பர் 2-ஆம் நாள் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டிலுள்ள ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாயில், கைதி அறை, தாழ்வாரம், வரவேற்பிடம், அலுவலர் அறை எங்கும் ஒலியும் ஒளியும் பதியும் கேமராக்கள் பொருத்த ஆணையிட்டது. பதிவுகள் 18 மாதம் காக்கப்படவேண்டும். கருவியின் திறன் போதாவிடினும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது. இதை மேற்பார்க்க மாவட்டந்தோறும் ஒரு குழு. மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அமரும் அக்குழுவில் நகராட்சியின் மேயருக்கோ, ஊரகப் பகுதியாயின் மாவட்ட ஊராட்சித் தலைவருக்கோ ஓர் இருக்கை தரப்பட்டுள்ளது. கேமராக்கள் இயங்குகின்றனவா என்று பார்ப்பதோடு, எவரும் முறையிடாத மனித உரிமை மீறல் நடந்துள்ளதா என்று பதிவுகளை ஆராய்வதும் அக்குழுவின் பணி. மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர் நிலையத்தின் உள்ளே நடப்பதை முறைப்படி நோக்க வாய்த்த இருக்கை இது. தங்கள் மாவட்டக் குழு எத்தனை முறை கூடியது என்று மாவட்ட ஊராட்சியில் உறுப்பினர்கள் கேட்டதாக நம் காதில் விழுந்ததில்லை. நாமும் அதுவரை கேட்டதில்லை.

2013-ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டம் மாவட்ட அளவில் முறையீட்டு அமைப்பொன்றையும் ஏற்படுத்தியுள்ளது. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை வகிக்கவேண்டும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்க, இச்சட்டம் ஆட்சியரைத் தலைவராக்கியது. அதன் நிறைகுறைகளைத் தனியே எழுதவேண்டும்.

அவ்வூராட்சியில் 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கூடிய கிராம சபைக்கு ஆய்வாளர் வந்திருந்தார். தோளில் கட்டோடு அந்தப் பெண்ணும் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். ரோந்து இரவு பதினொன்றுக்கு மேல்தான் அத்தெருவைத் தொடுகிறது, ஆலை விடுவதோ பத்து மணிக்கு என்பது அன்றுதான் இரு தரப்புக்கும் புலனாயிற்று. ஆய்வாளர் அப்போதே நேரத்தை மாற்றி எழுதிக்கொண்டார். விளக்குகளைப் பற்றிக் கேட்டபோது ஊராட்சிச் செயலர் நம்மைப் பார்த்தார். பதிவேட்டில் நடந்ததை நாமே எழுந்து சபையில் சொன்னோம். ஒரு முதியவர், “எரியாத விளக்குக்கும் சேர்த்துத்தானே ஐயா கணக்குக் காட்டினீர்கள்?” என்றார். அதற்கு நம்மிடம் விடையில்லை.

2025 சனவரியில் அவ்வூராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பு நம்மிடமே வந்தது. தெருவிளக்குப் பதிவேட்டில் இப்போது ஒரு கட்டம் கூடுதலாக உள்ளது. விளக்குக் கம்பத்துக்கு அருகில் குடியிருக்கும் ஒருவர் வாரந்தோறும் அதில் கையொப்பமிட வேண்டும். ஆலைச் சாலையின் மூன்றாவது கம்பத்துக்கு நேராக இருப்பது அந்தப் பெண்ணின் கையெழுத்து. சங்கிலி இன்னும் கிடைத்தபாடில்லை.