விளக்கு எரிகிறது, வாசிக்கவில்லை



சென்ற மாரி காலத்தில் ஒரு நாள், இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயும் உயர்தர வகுப்பில் படிக்கும் மகனும் நமது அலுவலகத்திற்கு வந்தனர். மடிக்கணினியில் பென் டிரைவைச் செருகினால் அதன் சிறு விளக்கு எரிகிறது. ஆனால் கணினி அதை அறிந்துகொள்வதில்லை. மறுநாள் பாடசாலையில் ஒப்படைக்க வேண்டிய செயற்றிட்டம் முழுவதும் கணினிக்குள்ளே அகப்பட்டுக் கிடந்தது. கடையொன்றில் காட்டியபோது மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றார்களாம். "தோட்டைக் கழற்றி அடகு வைக்கட்டுமா சாமி?" என்று கேட்டார் அந்த அம்மா.

அடகுக் கடைக்குப் போவதற்கு முன் அந்தத் துவாரத்தின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்ளுதல் நன்று. யூ.எஸ்.பி. எனும் இந்த முறை 1996ஆம் ஆண்டு வெளிவந்தது. இதனை உருவாக்கிய இன்டெல் குழுவில் முன்னின்றவர் குஜராத்தின் வடோதராவில் பிறந்த அஜய் பட். 2013இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது அவருக்கும் அவரது குழுவினருக்கும் வழங்கப்பட்டது.

நீள்சதுரத் துவாரத்தினுள்ளே நாக்குப் போன்ற ஒரு பகுதியில் நான்கு சிறு உலோகத் தகடுகள் உள்ளன. ஓரங்களிலுள்ள இரண்டும் 5 வோல்ட் மின்சாரத்திற்கு உரியவை. நடுவிலுள்ள இரண்டும் தகவல் போய்வரும் பாதை. (2008இல் வந்த 3.0 வகையில் மேலும் ஐந்து தகடுகள் உண்டு. எனினும் இந்த நான்கும் அதிலும் இருக்கின்றன.) ஆகவே விளக்கு எரிந்தும் கணினி வாசிக்கவில்லையெனில், மின்சாரம் வருகிறது, தகவல் போகவில்லை என்று கொள்ள வேண்டும். விளக்கே எரியாவிட்டால் கதை வேறு.

முதலில் அதே பென் டிரைவை நமது அலுவலகக் கணினியில் செருகினோம், வேலை செய்தது. எனவே குற்றம் பென் டிரைவில் இல்லை. அடுத்து ஒரு மவுஸை அவனது கணினியின் மூன்று துவாரங்களிலும் மாறி மாறிச் செருகினோம், ஒன்றிலும் அசையவில்லை. ஒரு துவாரம் மட்டும் கெட்டிருந்தால் தூசியையோ துருவையோ சந்தேகிக்கலாம். மூன்றும் ஒரே நாளில் வாய் மூடிக்கொண்டால், அவற்றை ஆளுகின்ற உட்பகுதியோ மென்பொருளோதான் தடுமாறியிருக்கும்.

கணினியை முற்றாக நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றி, பற்றரியையும் எடுத்துவிட்டு, இயக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். உள்ளே எஞ்சியிருக்கும் மின்னேற்றம் வடிந்துபோக இதுவே வழி. (பற்றரி கழற்ற முடியாத கணினிகளில் கம்பியை மட்டும் எடுத்துவிட்டு அழுத்தலாம்.) மீண்டும் இயக்கியபோது இரண்டு துவாரங்கள் உயிர் பெற்றன!

இவ்வாறும் சரிவராவிடில், விண்டோஸில் டிவைஸ் மானேஜரைத் திறந்து, யூ.எஸ்.பி. கன்ட்ரோலரை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி இயக்க வேண்டும். அது தானே திரும்பப் பதிந்துகொள்ளும். மேசைக் கணினியாயின் மவுஸும் கீபோர்டும் அதே வழியில் இணைந்திருப்பதால், நீக்கியவுடன் அவையும் நின்றுவிடலாம். பயப்படாமல் பொத்தானால் நிறுத்தி மீண்டும் இயக்குங்கள்.

மூன்றாவது துவாரத்தை டார்ச் அடித்துப் பார்த்தோம். நாக்கு ஒரு பக்கம் வளைந்திருந்தது. பென் டிரைவைத் தலைகீழாகத் திணித்ததன் பலன்! தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

வெறும் தூசியாயின், கணினியை நிறுத்தியபின் உலர்ந்த மென்தூரிகையால் நீக்கலாம். ஊசி, தண்ணீர், எண்ணெய் எதுவும் ஆகாது. வாயால் ஊதுவதும் தவறு. எச்சில் ஈரம் தகடுகளில் படியும். இடி மின்னலுக்குப் பின் கருகல் மணம் வந்தாலோ, துவாரம் சுட்டாலோ, உடனே நிறுத்தித் திருத்துநரிடம் கொண்டு செல்லுங்கள். பல மடிக்கணினிகளில் இத்துவாரம் தனியான சிறு பலகையொன்றில் இருக்கும். அதை மட்டும் மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் வேறெவரும் திறக்க விடாதீர்கள்.

வளைந்த துவாரத்தில் ஒரு துண்டு ஒட்டுத்தாள் ஒட்டி அனுப்பினோம். செயற்றிட்டம் பென் டிரைவில் ஏறியது. தோடும் காதிலேயே இருந்தது.