கிட்டங்கிப் பாதைக்கு டிராக்டர் பிளேடு: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பேட்டைப் பக்கம் நம்மில் பலருடைய கிட்டங்கிகள் தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கின்றன. கடைசி நூறு, இருநூறு அடி சரள் பாதைதான். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் அது குண்டும் குழியுமாகிவிடும். லாரி உள்ளே வர மறுத்தால், ரோட்டில் இறக்கிச் சிறு வண்டியில் மாற்றி இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டியதுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் எங்கள் பாதை அரித்துப் போயிற்று. நாலு லோடு சரள் அடித்துப் பள்ளங்களை நிரப்பினோம். வயலை மட்டம் செய்யும் லேசான பலகை ஒன்று வாங்கி டிராக்டரில் மாட்டி இழுத்தோம். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே பள்ளம்! அரிசி லாரி ஒன்று ஒருபக்கம் சாய்ந்து, மேலிருந்த மூட்டைகள் சேற்றில் விழுந்தன. மூட்டை இறக்க நின்ற தம்பி ஒருவர் மயிரிழையில் தப்பினார். பணம் போனது பெரிதல்ல. ஓர் ஆள் போயிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? அதன் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அதை இங்கே எழுதுகிறோம்.

பாதையைக் கெடுப்பது லாரிச் சக்கரம் மட்டுமல்ல, தேங்கும் தண்ணீர். பள்ளத்தை மேலே நிரப்பினால் புது மண் பழைய தரையோடு சேராது. சக்கரம் பட்டதும் தெறித்துவிடும். பள்ளத்தின் அடி ஆழம் வரை சுற்றிலும் வெட்டி இளக்கி, பிறகு பரப்பி இறுக்க வேண்டும். நடுப்பாதை உயர்ந்து, இரு ஓரமும் சரிய வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு அடிக்கு அரை அங்குலம் சரிவு போதும். 12 அடிப் பாதைக்கு நடுவில் 3 அங்குல உயரம். ஓரத்தில் தண்ணீர் ஓட வாய்க்காலும் வேண்டும். ஆகவே வெட்டவும், நடுவை உயர்த்தவும் முடிகிற கருவிதான் நமக்குத் தேவை.

கருவிகள் மூன்று வகை.

1. பின் பிளேடு: ஒரே பலகை. இடம் வலமாகத் திருப்பலாம், ஒரு நுனியைத் தாழ்த்தலாம். ஓரத்து மண்ணை நடுவுக்குக் கொண்டுவரவும், வாய்க்கால் எடுக்கவும் இதுவே ஏற்றது. ஆனால் டிராக்டர் ஏறி இறங்க, இதுவும் ஏறி இறங்கும். கைப்பழக்கம் உள்ள டிரைவர் வேண்டும்.

2. பெட்டி பிளேடு: இருபுறமும் அடைத்தது, முன்னால் கீறும் பற்கள் உண்டு. இறுகிய தரையை இளக்கவும், மண்ணை வாரி வேறிடம் சேர்க்கவும் நல்லது. பக்கவாட்டில் மண்ணைத் தள்ளாது.

3. இரட்டை பிளேடு: இரண்டு நீளச் சறுக்குச் சட்டங்களுக்கு நடுவே இரண்டு பிளேடுகள். தரையோடு சறுக்கிப் போவதால் புதிய ஆளும் மட்டமாக ஓட்டலாம். வாய்க்கால் எடுக்க முடியாது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், கனமான பின் பிளேடு வாங்கலாம் என்பது எங்கள் கருத்து. இளக்குவதற்கு டிராக்டர்காரரிடம் உள்ள கொத்துக் கலப்பையை வாடகைக்கு ஓட்டிக்கொள்ளலாம். பெருங்கல் கிடக்கும் இடத்தில் வேண்டாம்.

வாங்கும்போது அகலத்தை அளந்து பாருங்கள். 6 அடி பிளேடை 30 டிகிரி திருப்பினால் மூடும் அகலம் ஏறத்தாழ 5 அடி 2 அங்குலமே. 7 அடி பிளேடு 6 அடி மூடும். திருப்பிய நிலையிலும் பின்சக்கரத் தடத்தை அது மறைக்க வேண்டும். கீழ் இணைப்பு ஊசி முதல் வகை டிராக்டருக்கு 22 மில்லிமீட்டர், இரண்டாம் வகைக்கு 28 மில்லிமீட்டர். உங்கள் டிராக்டர் எது என்று பார்த்து வாங்குங்கள். அடி விளிம்புப் பட்டை போல்ட்டில் பூட்டியதாக இருந்தால் தேய்ந்ததும் மாற்றலாம். ஒரே ஆள் தூக்கி நகர்த்துகிற கனம் என்றால் அது சரளைக் கடிக்காது.

புரட்டாசியில் ஒருமுறை, மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருமுறை ஓட்டினால் போதும். மண் சேறாகவும் இருக்கக் கூடாது, புழுதியாகவும் இருக்கக் கூடாது. நடை வேகத்தில் ஓட்டுங்கள்; வேகமாய்ப் போனால் தரை அலை அலையாகிவிடும். ஆற்று உருண்டைக் கல் பிடிக்காது. கொஞ்சம் களி கலந்த, முனையுள்ள சரளே இறுகும். நடைச்சீட்டோடு வந்த லோடை மட்டும் வாங்குங்கள்.

வயலில் பரம்பு அடிக்கும்போது கனத்துக்கு ஆள் ஏறி நிற்பது வழக்கம். பிளேடின் மேல் யாரையும் ஏற்றாதீர்கள். வண்டி நின்றதும் பிளேடைத் தரையில் இறக்கிவிட வேண்டும். குடிநீர்க் குழாய் போகும் இடத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். பாதை நமக்குச் சொந்தமானதா, மாநகராட்சியுடையதா என்பதையும் பார்த்த பிறகே கை வையுங்கள்.

வருடத்தில் இரண்டு நாள் வேலைக்கு ஆளுக்கொரு பிளேடு எதற்கு? ஒரே பாதையில் கிட்டங்கி வைத்திருக்கும் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் செலவு பங்காகிவிடும், பாதையும் ஒரே மட்டமாக இருக்கும். வரும் மழைக்கு முன் பக்கத்துக் கிட்டங்கிக்காரரிடம் பேசிப் பாருங்கள். லாரியும் நல்லபடி வந்து சேரும், அதில் வருகிற ஆளும் நல்லபடி வீடு போய்ச் சேருவார்.